ழகரத்துக்கு இடம் விட்ட அம்மையப்பர்

விருத்தாசலம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில், மண்ணெண்ணெய் வாசம் மாறாத கைகளோடு வாழ்ந்தவர் அம்மையப்பர். ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்து அச்சடிப்பது அவர் தொழில். காலையில் குளித்து, நீறு பூசி, எழுத்துப் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்ட பிறகே முதல் எழுத்தை எடுப்பார். மை ஒட்டிய எழுத்தைக் கழுவினால், பிள்ளைக்குத் தலை துவட்டுவது போலத் துவட்டுவார். சாமியைக் குளிப்பாட்டும் பேறு தமக்கு இல்லை, இதாவது கிடைத்ததே என்பார்.

முப்பது வருடம் அவர் கல்யாணப் பத்திரிகை கோத்த அச்சகம் புது இயந்திரத்துக்கு மாறியது. முதலாளி பழைய மிதி இயந்திரத்தை, "நீயே எடுத்துக்க" என்று கொடுத்துவிட்டார். அதை வைத்து அம்மையப்பர் தொடங்கியதுதான் சிறுதெய்வப் பதிப்பகம். பெரிய கோயில்களுக்குப் பாட்டுப் புத்தகம் போட ஆயிரம் பேர் உண்டு. வேப்பமரத்தடியிலும் ஏரிக்கரையிலும் இருக்கிற சாமிகளுக்கு யார் இருக்கிறார்கள்? அவர் ஊர் ஊராகப் போனார். பாடுகிறவர் வாயிலிருந்து பாட்டை எழுதிக்கொண்டு வந்து, கொட்டை எழுத்தில் அடித்தார். அறிவொளி வகுப்பில் நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிய எங்களைப் போன்ற கூலிக்காரர்கள்தாம் அவருடைய வாசகர்கள். எங்கள் கண்ணுக்கு எந்த அளவு எழுத்து வேண்டும் என்று அறிந்தவர் அவர் ஒருவரே.

அவருக்குச் சோதனை ஒரே எழுத்தால் வந்தது. அடித்து அடித்து ழகர எழுத்துகள் எல்லாம் தேய்ந்து உடைந்தன. வார்த்துக் கொடுத்த பட்டறையையும் மூடிவிட்டார்கள். அதனால் ழகரம் வருகிற இடத்தில் வெற்றுக் கட்டையை வைத்து, இடம் விட்டு அடிப்பார். மை காய்ந்ததும் ஒவ்வொரு பிரதியிலும் பேனாவால் தாமே எழுதுவார். ஓர் எழுத்துக்கு ஒரு "தாயே".

எதிரே பழக்கடை வைத்திருந்த ராசவேலுவுக்கு இது தினசரி வேடிக்கை.

"பல்லு போன பொஸ்தகம் எத்தினி முடிஞ்சிது, மாமா?"

"இருநூறு ஆச்சுப்பா."

"பேசாம ள போட்டுட்டுப் போறதுதான? நம்ம ஊர்ல எவன் ழ சொல்றான்? நானே வாளப்பளம்னுதான் கூவி விக்கறன்."

"நீ பளம்னு கூவு, பரவால்ல. தின்னா இனிக்கும். சாமி பேர மாத்தி வைக்க நான் யாரு?"

ஏழுமேடு மழைவிழி அம்மனுக்குக் குடமுழுக்கு வந்தது. ஊரார் ஐந்நூறு பிரதி கேட்டார்கள். அந்த அம்மனுக்கு அதுதான் முதல் புத்தகம். ஊர்ப் பெயரில் ஒரு ழகரம், அம்மன் பெயரில் இரண்டு. குடமுழுக்குக்கு முதல் நாள் மதியம், கடைசித் தாளை அடிக்கையில் இயந்திரம் அவருடைய வலக்கை விரல்களைக் கவ்வியது. விரல்கள் தப்பின. பேனா பிடிக்க மாதம் ஒன்றாகும் என்றார் மருத்துவர்.

ராசவேலு அன்று சிரிக்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு வந்து, தானே எழுதுவதாக உட்கார்ந்தான். ஐந்து பிரதி ஆனதும் அம்மையப்பர் எட்டிப் பார்த்தார். எல்லாம் மளைவிளி அம்மன்.

"கைக்கு அதான் வருது, மாமா," என்றான் அவன், தலையைச் சொறிந்துகொண்டு.

"உன் மனசு போதும்டா. வை."

மறுநாள் விடிந்ததும் மற்றப் பிரதிகளை இடம் விட்டபடியே கட்டி, கட்டுப் போட்ட கையோடு பேருந்து ஏறினார். முதல் பிரதியை அம்மன் காலடியில் வைக்கச் சொல்லிப் பூசாரி காத்தமுத்துவிடம் கொடுத்தார். "பிழை பொறுப்பாய் தாயே" என்பது அதன் கடைசி அடி. பிழை என்ற சொல்லிலேயே ஓர் எழுத்துக் குறைந்திருந்தது. அவர் தலை குனிந்து ஒதுங்கி நின்றார்.

மற்றப் பிரதிகள் பந்தலுக்குள் கைமாறின. செங்கல் சூளையில் கல் அறுக்கும் பூரணி விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவள், அவர் முன்னால் நின்றாள்.

"ஐயா, இது கோடிட்ட எடமா? எங்கள எழுதச் சொல்லி வுட்ருக்கீங்களா?"

அவர் கட்டுப் போட்ட கையைக் குனிந்து பார்த்தார்.

"வகுப்புலயும் இப்பிடித்தான் ஒரு எழுத்த வுட்டுட்டு எழுதச் சொல்வாங்க," என்றவள், பந்தலைப் பார்த்துத் திரும்பினாள். "ஏய், எல்லாம் ஒக்காருங்க. அம்மா பேருல ழ நாமதான் போடணும்."

பேனா கிடைத்தவர் பேனாவால், கிடைக்காதவர் அடுப்புக்கரியால் எழுதினார்கள். தப்பிவிடக் கூடாதே என்று வாயால் ஒலித்து ஒலித்து எழுதினார்கள். பிறகு பாடினார்கள். மண் சுமந்த கூட்டம் மழைவிழி என்று நாக்கை மடித்துச் சொன்னதை ஏழுமேடு அன்றுதான் கேட்டது.

கலசத்தில் நீர் வார்த்து முடிந்தது. காத்தமுத்து கருவறையிலிருந்து அம்மன் காலடிப் பிரதியை எடுத்து வந்தார். விட்ட இடம் ஒவ்வொன்றிலும் குங்குமத்தால் ழகரம் இருந்தது. உள்ளே போய்வந்தவர் அவர் ஒருவர்தான். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"என்ன ஏன்யா பாக்கறீங்க? நான் கைநாட்டு," என்றார் காத்தமுத்து. சொல்லிவிட்டு, பரிவட்டத்தை எடுத்து வந்து அம்மையப்பர் தலையில் கட்டினார். அம்மையப்பர் அந்தப் பிரதியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார்.

பின்னால் யாரோ புது ழகர எழுத்துகள் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவற்றையும் பெட்டியில் வைத்துக் கும்பிட்டார், அச்சில் ஏற்றவில்லை. பதிப்பகம் இருந்தவரை அதன் புத்தகங்களில் அந்த இடம் வாசிக்கிறவர் கைக்கென்றே விடப்பட்டது.

அந்த அடியாரை வாழ்க என்று சொல்ல வாயெடுத்தால், அந்தச் சொல்லின் நடுவிலும் அவருடைய எழுத்தே நிற்கிறது.