தொம்மை எஞ்சின் மாற்றிய கதை

“இந்தச் சனியனைப் பிடுங்கி எறியணும். வேற எஞ்சினை என் கையாலயே மாட்டணும். இன்னொருத்தன் கை என் படகுல படக் கூடாது. சொல்லித் தருவீங்களா, மாட்டீங்களா?”

தொம்மை கேட்கவில்லை. கத்தினான்.

ரெஜினா மேஸ்திரி டீசல் வாளியில், எஞ்சினுக்குள் எண்ணெய் பீய்ச்சும் நாசில் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்தார். துணியில் துடைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

“யார் மேல கோவம், அண்ணாச்சி?”

“எஞ்சின் மேல.”

“எஞ்சினுக்குக் காது கிடையாது. இவ்வளவு சத்தம் எதுக்கு?”

தொம்மைக்கு அறுபத்தொரு வயது. மேஸ்திரிக்கு முப்பத்தாறு. அந்தக் கழிமுகத்தில் டீசல் எஞ்சின் நின்றுபோனால் அவரிடம்தான் எல்லோரும் வருவார்கள். தொம்மை கடைசியாகத்தான் வந்தான். அதற்கு முன் மூன்று மெக்கானிக்குகளைக் கூப்பிட்டு, மூன்று பேரோடும் சண்டை போட்டு அனுப்பியிருந்தான்.

கரையிலிருந்து எதிர்த் தீவுக்கு ஆள் ஏற்றிப் போகும் படகு அவனுடையது. அப்பன் காலத்துப் பெட்ரோல் எஞ்சின். பதினோரு மாதத்துக்கு முன் ஒரு காலையில், தம்பி சந்தியாகு எஞ்சினின் கயிற்றை இழுத்தான். மரப்பெட்டிக்குள் தேங்கியிருந்த பெட்ரோல் ஆவி குப்பென்று பற்றியது. பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தொம்மையின் மனைவி பிலோமினாவுக்கு இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துபோயின.

பிழைத்தாள். ஆனால் விரல்கள் முழுசாக மடங்கவும் இல்லை, நிமிரவும் இல்லை.

“பெட்டி மூடியைத் திறந்து, காத்தாட விட்டுட்டுத்தான் கயிறை இழுக்கணும். சின்னப் பிள்ளைக்குத் தெரியும். அந்த நாய்க்குத் தெரியல” என்றான் தொம்மை. “அவன் மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன். செத்தாலும் அவன் வரக் கூடாது.”

“அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?”

“சுக்கான்ல.”

“சரி” என்றார் மேஸ்திரி. “நாளைக்கு வாறேன்.”

*

மறுநாள் மேஸ்திரி வந்தபோது தொம்மை சம்மட்டியோடு படகுக்குள் நின்றிருந்தான். பெட்ரோல் எஞ்சினின் போல்ட்டுகள் துருவேறி இறுகியிருந்தன. ஓங்கி ஓங்கி அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் தம்பி பெயரைச் சொல்லி ஒரு கெட்ட வார்த்தை.

மேஸ்திரி கையை நீட்டினார்.

தனக்கு உதவத்தான் கேட்கிறார் என்று நினைத்துத் தொம்மை சம்மட்டியைக் கொடுத்தான்.

அவர் அதைத் தண்ணீரில் எறிந்தார்.

“அது என் சம்மட்டி!”

“உடைக்கக் கத்துக்கணும்னா என்கிட்ட வர வேண்டாம்.”

“பின்ன எப்படிக் கழட்ட?”

மேஸ்திரி போல்ட்டுகளின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றினார்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“எப்பக் கழலும்?”

“அதுக்குத் தோணும்போது.”

தொம்மை பல்லைக் கடித்தான். மூன்றாம் நாள் போல்ட்டுகள் ஸ்பேனருக்கு இணங்கின. எஞ்சினைக் கயிறு கட்டித் தூக்கி மணலில் இறக்கினார்கள். தொம்மை அதன்மேல் காறித் துப்பினான்.

மேஸ்திரி அதைப் பார்த்தார்.

*

புது எஞ்சின் புதிதல்ல. கழித்துப் போட்ட வேன் ஒன்றிலிருந்து எடுத்த டீசல் எஞ்சின். பழையதைப்போல் இரண்டு மடங்கு கனம். அதைத் தாங்க மேஸ்திரி படகின் அடியில் இரண்டு வேலங்கட்டைகளைப் பொருத்தச் சொன்னார். தொம்மை தனியாகவே இழைத்தான். துளை போட்டான். உதவிக்கு வந்தவர்களை விரட்டினான்.

எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவன் ஒருநாள் எரிந்து விழுந்தான்.

“வித்தவன் ஏமாத்திட்டான். இதுல பிளக்கையே காணோம்.”

“டீசலுக்கு பிளக் கிடையாது.”

“பொறி வேண்டாமா? பொறி இல்லாம எது எரியும்?”

மேஸ்திரி பட்டறையிலிருந்து ஒரு சைக்கிள் பம்பைக் கொண்டுவந்தார். காற்று வெளியேறும் வாயில் தொம்மையின் கட்டைவிரலை வைத்து அழுத்தச் சொன்னார்.

“அடிங்க.”

அடித்தான். காற்று போக வழியில்லாமல் உள்ளேயே அமுங்கியது. மறுபடி அடித்தான். பத்து முறை, இருபது முறை. பம்பின் அடிப்பக்கம் சுட்டது. விரலை உதறிக்கொண்டு கையை எடுத்தான்.

“யார் நெருப்பு வச்சா?” என்று கேட்டார் மேஸ்திரி.

தொம்மை விரலைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு பம்பைத் தூக்கி மணலில் எறிந்தான்.

“எனக்கு எஞ்சின் சொல்லிக் குடுங்க. கதை வேண்டாம்.”

“எஞ்சின்தான் சொன்னேன். டீசல் அந்தச் சூட்டுலதான் எரியும்.”

*

கடைசி வேலை, எஞ்சினையும், தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் காற்றாடியின் தண்டையும் நேர்ப்படுத்துவது. இரண்டும் சேரும் இடத்தில் இரண்டு இரும்புத் தட்டுகள் முகத்தோடு முகம் பார்த்து நிற்கும். அந்த இடைவெளி எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். மெல்லிய எஃகுத் தகட்டை நுழைத்து அளக்க வேண்டும்.

தொம்மை பின்பக்கம் தவழ்ந்துபோய்த் தகட்டை நுழைத்துப் பார்த்தான். வெளியே வந்து, எஞ்சினைத் தாங்கும் காலின் போல்ட்டைத் திருப்பினான். மறுபடி தவழ்ந்தான். மறுபடி வந்தான். இரண்டு நாள் இப்படியே போனது. முட்டி உரிந்தது. கடைசியில் நாலு பக்கமும் தகடு ஒரே இறுக்கமாக நுழைந்தது.

“பாருங்க” என்றான். “மயிரிழை வித்தியாசம் இல்ல. தனியாச் செஞ்சேன். எவன் தயவும் இல்ல.”

மேஸ்திரி குனிந்து பார்த்தார்.

“நேராத்தான் இருக்கு.”

படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். ஊரே படித்துறையில் கூடியது. பிலோமினாவும் வந்து, கைகளைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

எஞ்சின் ஓடியது. கியரைப் போட்டதும் படகு முழுக்க நடுங்கியது. பலகைகள் கடகடவென்று அடித்துக்கொண்டன. தொம்மையின் பற்களே கிடுகிடுத்தன. எஞ்சினை நிறுத்தினான். முகம் சிவந்துவிட்டது.

“வித்தவனைக் கொல்லணும்! ஓட்டை எஞ்சினைக் குடுத்திட்டான்!”

“எஞ்சின் நல்லாத்தான் இருக்கு” என்றார் படித்துறையில் நின்ற மேஸ்திரி.

“நேராத்தான் இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க!”

“கரையில நேரா இருந்தது.”

“பின்ன?”

“படகு எங்க ஓடுது?”

தொம்மை கீழே தண்ணீரைப் பார்த்தான்.

“தண்ணியில இறங்கினா மரம் வேற மாதிரி வளையும்” என்றார் மேஸ்திரி. “இங்கேயே வச்சுத்தான் நேராக்கணும். ஆடுற படகுல ஒருத்தர் தகட்டை வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கணும். ஒருத்தர் போல்ட்டைத் திருப்பணும். ஓடி ஓடிச் செய்ய முடியாது.”

“நீங்க ஏறுங்க.”

“மாட்டேன். இன்னொரு கை படக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தானே வந்தீங்க?”

தொம்மை படித்துறையைப் பார்த்தான். யாரும் அசையவில்லை. அவன் திட்டாத ஆள் அங்கே ஒருவரும் இல்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவன் வந்தான். இடுப்பளவு தண்ணீரில் நடந்து படகில் ஏறினான்.

சந்தியாகு.

“இறங்குல!”

சந்தியாகு இறங்கவில்லை.

“இறங்குல! கொன்னுருவேன்!” தொம்மை ஸ்பேனரை ஓங்கினான். “அவ கையைப் பாருல! உன் பவிசு அது! மூடியைத் திறக்காம கயிறை இழுத்த நாய் நீ!”

“திறக்கப் போனேன், அண்ணே.”

“பொய்!”

“மூடியில கை வச்சேன். ‘நேரமாச்சு, இழுல’ன்னு சுக்கான்லயிருந்து கத்துனது நீ.”

படித்துறையில் எல்லாத் தலையும் தொம்மை பக்கம் திரும்பியது.

தொம்மை மேஸ்திரியைப் பார்த்தான். “இவன் பொய் சொல்லுதான்.”

“எனக்கு எஞ்சின்தான் தெரியும்” என்றார் மேஸ்திரி.

“பொய் சொல்லுதான்!”

“நானும் அந்தப் படகுலதான் இருந்தேன்.”

பிலோமினா. அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. சேலைக்குள்ளிருந்து கைகளை எடுத்தாள். வழவழத்து, சுருங்கி, பாதி மடங்கி நின்ற விரல்கள்.

“எனக்கும் காது இருக்கு. நீங்க கத்துனதை நானும் கேட்டேன்.”

“அப்பப் பின்ன ஏன்டி சொல்லல?”

“எப்பச் சொல்ல? பதினோரு மாசமா நீங்க வாயை மூடினாத்தானே?” அவள் ஒரு படி கீழே இறங்கினாள். “என் கையைக் காட்டிக் காட்டி அவனைத் திட்டுனீங்க. அந்தக் கைக்கு ஒரு நாள் எண்ணெய் போட்டு விட்டிருக்கீங்களா? எரியுதான்னு கேட்டிருக்கீங்களா? என் கையை வச்சு உங்க கோவத்தை வளக்காதீங்க. இது என் கை. கோவப்படணும்னா நான் படுதேன்.”

தொம்மையின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. வேலங்கட்டையில் பட்டு, படகின் அடியில் கிடந்த தண்ணீரில் விழுந்தது.

அலை வந்து படகைத் தட்டியது.

சந்தியாகு எஃகுத் தகட்டை எடுத்துக்கொண்டான். பின்பக்கப் பலகைக்கு அடியில் தவழ்ந்து உள்ளே போனான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

தொம்மை குனிந்து தண்ணீருக்குள் துழாவி ஸ்பேனரை எடுத்தான். எஞ்சின் காலருகே உட்கார்ந்தான். போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினான்.

திருப்பவில்லை.

“மேஸ்திரி!” குரல் உடைந்திருந்தது. ஆனாலும் அதில் இன்னும் கோபம்தான் இருந்தது. “எந்தப் பக்கம் திருப்பணும்?”

ரெஜினா மேஸ்திரி அதற்குள் பட்டறையைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

“பாக்கிறவனைக் கேளுங்க.”

தொம்மை தம்பியின் கால்களைப் பார்த்தான். பிலோமினாவைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கண்ணையும் தாழ்த்தவில்லை.

“சந்தியாகு.”

பலகைக்கு அடியில் தகடு இரும்பில் உரசியது.

“சந்தியாகு... எந்தப் பக்கம்ல?”

“வலது பக்கம், அண்ணே. மெதுவா. நிறுத்துன்னு நான் சொல்லுதேன்.”