ஓசையில்லாக் காரில் வந்த கவுன்சிலர்

இக்கதையை 2023 ஆடி மாதம், லால்குடி அருகே மின்சாரக் காருக்குச் சார்ஜ் ஏற்றக் காத்திருந்தபோது, வாடகைக் கார் ஓட்டும் இன்னாசிமுத்து சொல்லக் கேட்டேன்.

தம் வார்டில் எவரும் ஹாரன் அடிக்கலாகாது என்று மேடையில் அறிவித்தவர் கவுன்சிலர் குணாளன். அவர் புதிதாக வாங்கிய மின்சாரக் காரோ ஓசையே எழுப்பவில்லை. அவர் வருவதையும் போவதையும் தெருவில் ஒருவரும் கவனிக்கவில்லை. ஓட்டுநர் சகாயமேரியை அழைத்தார்.

"ஏம்மா, நாளைக்கு நான் வர்றப்போ தெருவே வாசலுக்கு வரணும். ஹாரனும் அடிக்கக் கூடாது. இல்லேன்னா வேற வேலை பார்த்துக்க."

"சரிங்கய்யா."

மறுநாள் கார் தெருவில் நுழைந்ததும், முன்பக்கம் அவள் ஒளித்துவைத்திருந்த ஒலிபெருக்கி முழங்கியது: "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!"

வீட்டுக்கு வீடு ஆட்கள் ஓட்டை வாளிகளோடு வந்து காரைச் சூழ்ந்துகொண்டனர்.

"என்னம்மா இது!" என்று கத்தினார் குணாளன்.

"தெருவே வந்திருச்சுங்கய்யா. ஹாரன் அடிக்கலை."

நசுங்கிய அண்டாவோடு ஒருத்தி குனிந்து, "ஏக்கா, வியாபாரி எங்கே?" என்றாள்.

"பின் சீட்டுல உட்கார்ந்திருக்காரு பாருங்க."

கேட்டது கேட்டபடி நடந்துவிட்டதால், அவரால் அவளை வேலையைவிட்டு நீக்க முடியவில்லை என்று முடித்தார் இன்னாசிமுத்து. முசிறிப் பக்கத்தார் வேறுவிதமாகச் சொல்வர்: கவுன்சிலர் கீழே இறங்கி, அண்டாவை வாங்கிக்கொண்டு, பேரீச்சம்பழம் விரைவில் வழங்கப்படும் என்று வாக்குறுதி அளித்தாராம்.