ஒரே மண்டபத்துக்கு மூன்று உபயதாரர்கள்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு உண்டு. வயிற்றைப் பிடித்துக்கொள்ள வைக்கும் ரகம். ஆனால் அது இப்போதைக்குக் கிடைக்காது. முதலில் கோமதிநாயகத்தோடு சேர்ந்து கொஞ்சம் வியர்க்க வேண்டும். வியர்க்காதவருக்குச் சிரிப்பில் பங்கில்லை.

அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர் ஒன்றில் ஓர் அறக்கட்டளை ஒரு கலைக்கூடம் நடத்திவந்தது. இருந்தது ஒரே மண்டபம். சுவரெங்கும் அந்த வட்டாரத்து ஓவியர்களின் படங்கள். சனிக்கிழமைதோறும் பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவச ஓவிய வகுப்பு. நுழைவுச்சீட்டில் வரும் காசு விளக்குமாறு வாங்கத்தான் காணும். மானியம் நின்றுபோயிற்று; வங்கி வட்டி தேய்ந்துபோயிற்று. மழைக்காலத்துக்குள் வழி பிறக்காவிட்டால் படங்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, மண்டபத்தை உரக் குடோனுக்கு வாடகைக்கு விடவேண்டியதுதான் என்று அறக்கட்டளையில் தீர்மானமே போட்டுவிட்டார்கள். அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட செயலாளர்தான் கோமதிநாயகம். அன்றிலிருந்து கொடை கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கினார்.

அந்த ஊரில் கொடை என்றால் பெயர் வேண்டும். கோயில் டியூப் லைட்டில் 'உபயம்' என்று எழுதி எழுதி வெளிச்சம் வர இடமிருக்காது. கலைக்கூடத்து மின்விசிறியின் இறக்கைகளிலும் பெயர் உண்டு. சுற்றினால் படிக்க முடியவில்லை என்று கொடுத்தவர் சங்கடப்பட்டதால் அதைச் சுற்றவிடுவதே இல்லை.

முதலில் அகப்பட்டவர் ரைஸ்மில் பூதப்பாண்டி. நெல் மூட்டை உருளுவதுபோல் செருமிவிட்டுத்தான் பேசுவார். "ஓடு பூராவும் மாத்தித் தாரேன் வே. மண்டபத்துக்கு எம்பேரு. இனிஷியல் தப்பப்படாது, பாத்துக்கிடும்." கோமதிநாயகம் சரி என்றார். ஒழுக்கு நின்றது.

சம்பளமில்லாததால் வேலையை விட்டு நின்றுகொள்வதாக ஓவிய ஆசிரியர் சொன்னபோது, கோமதிநாயகம் பல் டாக்டர் ஹெப்சிபாவிடம் போனார். ஒரு வருடச் சம்பளத்தையும் அந்தம்மாவே ஏற்றுக்கொண்டார். பதிலுக்கு மண்டபத்துக்குத் தன் பெயர், படித்த பட்டமெல்லாம் சேர்த்து. இவர் விழித்தார். "வாயை நல்லாத் திறந்து சரின்னு சொல்லுங்க சார், வலிக்காது" என்றார் டாக்டர். அந்தக் குரலுக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

மின்வாரியத்தார் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனதும் பாத்திரக்கடை மைதீன் பிச்சை. பாக்கி முழுவதையும் கட்டினார். புது விளக்கும் போட்டார். "ஒரு பேருதான அண்ணாச்சி. எடை போட்டா குடுக்கப் போறிய?" என்று மண்டபத்துக்குத் தன் பெயரைக் கேட்டார். இதற்கும் சரிதான்.

ஆக, ஓடு கூரைக்கு ஏறிவிட்டது, ஆசிரியர் வகுப்புக்கு வந்துவிட்டார், விளக்கு எரிகிறது. திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லை. உண்மை வெளிப்பட்டால் மூவரும் கையை உதறுவார்கள். அடுத்த வருடத்துக்கு உர மூட்டைதான்.

பெயர்க்கல் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. கோமதிநாயகம் கல்வெட்டுப் பட்டறையில் கருங்கல் ஒன்று சொல்லிவைத்தார். பெயரைப் பிறகு சொல்வதாகச் சொல்லி, சொல்லாமலே இருந்தார். கடைசியில் வெறுங்கல்லையே பதித்துத் திரை போட்டுவிடச் சொன்னார். பட்டறைக்காரரும் துணியோடு பதித்துவிட்டுப் போனார். திரையைத் தூக்கிப் பார்க்கக்கூடக் கோமதிநாயகத்துக்குத் தெம்பில்லை. மீன் பிடிக்கும் நரம்பு வாங்கிவந்து, திரை நகராதபடி கம்பியோடு இறுக்கிக் கட்டினார். திரை சிக்கிக்கொண்டது, நல்ல நேரம் முடிந்தது, இன்னொரு நாள் திறக்கலாம் என்று சொல்லிவிடலாம். அதுதான் திட்டம். இன்னொரு நாள் என்ன செய்வது என்பதற்குத் திட்டம் இல்லை.

அதுவரை இனிஷியலையும் பட்டத்தையும் பற்றித் தினம் தினம் போன் போட்டுப் பிராணனை வாங்கிய மூவரும் விழாவுக்கு முந்தின வாரம் ஒரு போன்கூடப் போடவில்லை. கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நினைத்தார் கோமதிநாயகம். விழா அன்று மூவருக்கும் மூலைக்கொரு நாற்காலி போட்டிருந்தார். அவர்களோ நாற்காலிகளை இழுத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் ஒட்டி உட்கார்ந்தார்கள். இவருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கல்லைத் திறந்துவைக்க வந்த தாசில்தார் அம்மா திரைக் கயிற்றை இழுத்தார். திரை அசையவில்லை. இவர் நல்ல நேரத்தைப் பற்றி ஆரம்பிப்பதற்குள் பூதப்பாண்டி செருமிக்கொண்டே எழுந்து வந்தார். மைதீன் பிச்சை நாற்காலியைத் தூக்கிவந்து திரைக்கடியில் போட்டார். டாக்டர் ஹெப்சிபா அதன்மேல் ஏறி, கைப்பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தார். "கொஞ்சம் பொறுத்துக்கோங்க சார். ஒரே நிமிஷம்."

நரம்பு அறுந்தது. திரை தொய்ந்தது. கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டார்.

அது விழுவதற்குள் ஒரு கேள்வி. முதலில் வாக்குப் பெற்றவர் பூதப்பாண்டி. கூரை இல்லாவிட்டால் மண்டபமே இல்லை. அதிகம் கொடுத்தவர் ஹெப்சிபா. பிள்ளைகள் இல்லாவிட்டால் அது வெறும் கொட்டகை. கடைசிக் கண்டத்தில் கைகொடுத்தவர் மைதீன் பிச்சை. விளக்கு இல்லாவிட்டால் படத்தை யார் பார்ப்பது? அப்படியானால் அந்தக் கல்லில் யார் பெயர் இருப்பது நியாயம்?

விடை: மூவர் பெயரும் இல்லை. பெயருக்காகக் கொடுத்தால் அது விலை, உபயம் ஆகாது. தன் கையில் இல்லாததை எடுத்து மூன்று முறை வாரிக்கொடுத்த ஆள் ஒருவர்தான். கோமதிநாயகம் கண்ணைத் திறந்தார். வெறுங்கல்லாக இருக்கவேண்டிய கல்லில் பளபளவென்று எழுத்து: "இம்மண்டபம் மூடாமல் நிற்பது, செயலாளர் கோமதிநாயகம் அவர்கள் சொன்ன மூன்று பொய்களின் உபயம்." அதன் கீழே பொடி எழுத்தில், "கல்வெட்டுக் கூலி உபயம்" என்று மூன்று பெயர்கள், இனிஷியலோடும் பட்டத்தோடும். தத்தம் பெயர் சரியாக வெட்டப்படுகிறதா என்று பார்க்க மூவரும் பட்டறைக்குப் போயிருக்கிறார்கள். அதுவும் ஒரே நாளில். கோமதிநாயகம் மெதுவாகத் திரும்பினார். செருமல் சிரிப்பு ஒன்று, கத்தரியோடு குலுங்கும் சிரிப்பு ஒன்று, பாத்திரம் உருண்டதுபோல் ஒன்று. போன் ஏன் வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.