குவிமாடத்துக்குக் கீழே இருவர்

இஸ்தான்புல்லில் சுல்தான்களுக்கு மூன்று தலைமுறையாக அரண்மனை கட்டிய ஆர்மீனியக் குடும்பத்தின் நான்காம் தலைமுறை ஹோவ்செப். அவருடைய தலைமைக் கட்டடக் கலைஞர் பதவியைத் தன் மருமகனுக்கு வாங்கித் தரத் துடித்தார் நாசிஃப் பாஷா. ஹோவ்செப் சுல்தானுக்குக் கட்டிய புதிய மண்டபத்தின் தூண்களுக்குக் கல் வாங்கித் தந்தவரும் அவர்தான்.

குவிமாடத்தைத் தாங்கிய மரமுட்டுகளை அகற்றும் நாளில் பாஷா சுல்தானிடம் சொன்னார்: "இது நிற்காது, பிரபு. தாத்தா பேரைச் சொல்லியே பிழைக்கிறவன் இவன். விழுந்தால் பதவியைப் பறித்துவிடுங்கள்."

"சம்மதம்," என்றார் ஹோவ்செப். "முட்டு எடுக்கும்போது கட்டியவர் அடியில் நிற்பது எங்கள் குடும்ப வழக்கம். நான் நிற்கிறேன். தூணுக்குக் கல் தந்த பாஷாவும் என் பக்கத்தில் நிற்கட்டும்."

"நியாயம்தான்," என்றார் சுல்தான்.

இருவரும் நின்றார்கள். தச்சர்கள் சுத்தியலை ஓங்கினார்கள். பாஷா கத்தினார்:

"நிறுத்துங்கள். அந்தக் கல் தாங்காது."

"உமக்கு எப்படித் தெரியும்?" என்று சுல்தான் கேட்டார்.

ஹோவ்செப் நின்ற இடத்தைவிட்டு நகராமலே பதில் சொன்னார்:

"நல்ல கல்லைத் தன் புது மாளிகைக்கு அனுப்பிவிட்டு, விரிசல் விட்டதை இங்கே இறக்கப் பார்த்தார், பிரபு. நான் வண்டிகளை மாற்றி அனுப்பிவிட்டேன். தச்சர்களே, நீங்கள் அடியுங்கள்."

முட்டுகள் சரிந்தன. குவிமாடம் அசையவில்லை.

பாஷா தன் புது மாளிகையைப் பார்த்து ஓடினார். மருமகன் அங்கே மாடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.