முள் நடுவில் நின்ற முகூர்த்தம்

சட்டிமங்கலத்தில் அறிவாளிகளுக்குப் பஞ்சமில்லை. மாசானம், கொம்பையா, பெத்தான் மூவரும் கூட்டாக நடத்திய போட்டோ ஸ்டுடியோவுக்குள் மட்டும் அவர்களில் ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

அவர்களுக்குப் பழைய கேமராவை விற்றவர் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். "லென்ஸ் வளையத்தைத் திறந்து வச்சு முகத்தைத் தெளிவாக்குங்க. அப்புறம் வளையத்தை மூடுங்க. முன்னால இருக்கிறதுல இருந்து பின்னால இருக்கிறது வரைக்கும் துல்லியமா விழும். மூடினா இருட்டாத் தெரியும், பயப்படாதீங்க. வெளிச்சம் போதுமான்னு காட்ட உள்ளே ஒரு முள் தெரியும். அது நடுவுல நின்னாத்தான் அமுக்கணும்."

மூவரும் மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

முதல் வேலை தளவாய் வீட்டுக் கல்யாணம். அவர் மகன் பட்டாளத்தில் இருந்தான். தங்கை கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை.

"தாலி கட்டுத படம் ஒண்ணு போதும்யா. பிள்ளை அங்க ஏங்கிக் கெடக்கான், அவனுக்கு அனுப்பணும்" என்றார். பாவம், கண் கலங்கியிருந்தது.

காலை வெயில் பந்தலுக்குள் பளீரென்று அடித்தது. மாசானம் கேமராவில் கண்ணை வைத்து வளையத்தை மூடினான். கல்யாணமே இருண்டுவிட்டது.

கொம்பையா மைக்கைப் பிடித்தான். "இப்ப இருட்டிட்டு. யாரும் பயப்படாதீங்க."

சனங்கள் வெயிலைப் பார்த்துவிட்டு, மரியாதைக்குப் பயப்படாமல் இருந்தார்கள்.

"முள்ளு படுத்துட்டு" என்றான் மாசானம்.

"இந்த இருட்டுல மாப்பிள்ளை யாரு கழுத்துல கட்டுவாரோ" என்று பெத்தான் கவலைப்பட்டான். "வளையத்தத் தொறந்திருவமா?"

"மூடணும்னுல்லா வித்தவரு சொன்னாரு" என்றான் கொம்பையா.

தாலியைக் கையிலெடுத்த மாப்பிள்ளையை நிறுத்திவைத்தார்கள். ராத்திரி ஊர்வலத்துக்காக வந்திருந்த பெட்ரோமாக்ஸ் விளக்குகளை ஏற்றி, கொம்பையாவும் பெத்தானும் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு மணமக்கள் முன்னால் போய் நின்றார்கள்.

"முள்ளு அசையுது. இன்னும் கிட்டப் போங்க" என்றான் மாசானம். "இன்னும்."

மாப்பிள்ளையின் மூக்கு சுடும் நேரத்தில் முள் நடுவில் நின்றது. கெட்டிமேளம் முழங்கியது. முள்ளைத் தவிர வேறெதையும் பார்க்காத மாசானம் அமுக்கினான்.

படம் கழுவி வந்தது. விற்றவர் பொய் சொல்லவில்லை. முன்னால் கொம்பையாவின் முதுகு, பெத்தானின் முதுகு, சட்டைக் கிழிசலில் தொங்கிய நூல். பின்னால் பந்திக்கு ஓடுகிறவர்கள். எல்லாம் துல்லியம்.

"தாலி எங்கய்யா? எம் பிள்ளைக்கு எதை அனுப்புவேன்?" தளவாயின் குரல் உடைந்தது.

"எங்க முதுகுக்கு அந்தப் பக்கம் இருக்கு அண்ணாச்சி" என்றான் பெத்தான். "திருப்பிப் பாருங்க."

தளவாய் படத்தைத் திருப்பினார். வெறும் வெள்ளைத் தாள்.

மூவரும் குனிந்து உற்றுப் பார்த்தார்கள். மாசானம் வருத்தத்தோடு தலையாட்டினான்.

"இந்தப் பக்கம் வெளிச்சம் சாஸ்தியாயிட்டு. வளையத்த இன்னும் கொஞ்சம் மூடியிருக்கணும்."