ஏரிக்கரையில் ஆறு நாள் கூத்து

வேங்கைநாட்டு அரசர் மாவேழரின் ஓலைகளை எழுதுகிறவள் மாசாத்தி. அரண்மனையில் யாருக்கு என்ன சிக்கல் வந்தாலும் கடைசியில் அவளிடம்தான் வந்து நிற்கும். அந்த வருடம் வந்தது கொஞ்சம் பெரிய சிக்கல். பெரிய ஏரியின் கரையில் ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது. மழைக்கு இன்னும் பத்தே நாள். கரைக்குக் கீழே பன்னிரண்டு ஊர்கள்.

கரை வேலையில் பட்டயம் வாங்கிய உள்ளூர் அறிஞர்கள் இரண்டு பேர் வந்தார்கள். விரிசலை அளந்தார்கள். அது எந்த வகை விரிசல் என்று அரை நாள் வாதாடினார்கள். கடைசியில் அதற்கு ஓர் அழகான பெயரை வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

ஆற்றுக்கு அக்கரையில், புன்னைநாட்டில், சேந்தன் என்றொருவர் இருந்தார். முப்பது வருடமாக உடைந்த கரைகளை அடைத்து வருபவர். அவருக்குச் சொல்லியனுப்பினார்கள். மனிதர் மறுபேச்சில்லாமல் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பரிசல் ஏறிவிட்டார். எல்லைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தியது ஆவண அமைச்சர் காரிநாயகரின் சட்டம். வெளிநாட்டார் இங்கே வந்து வேலை பார்க்க வேண்டுமானால், அறுபத்தொரு தொழில்கள் கொண்ட பட்டியலில் அந்தத் தொழில் இருக்க வேண்டும். அதே தொழிலில் பட்டயமும் இருக்க வேண்டும். சேந்தனுக்குத் தொழில் தெரியும். பட்டயமும் ஒன்று வைத்திருந்தார். ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

முப்பது வருட அனுபவம் போதாதா என்று மாசாத்தி கேட்டுப் பார்த்தாள். பட்டயம் இல்லாதவர்கள் வழக்கமாகச் சொல்வதுதான் அனுபவம் என்றார் காரிநாயகர். அவள் அரசரிடம் போனாள். அவரோ தன் கையால் முத்திரையிட்ட சட்டத்தைத் தானே மீற முடியாதென்று சங்கடப்பட்டார்.

“சட்டமும் நிற்க வேண்டும், கரையும் நிற்க வேண்டும்,” என்றார். “ஏதாவது வழி பார், மாசாத்தி.”

அவளுக்கு எரிச்சலாக வந்தது. பன்னிரண்டு ஊர்களையும் நினைத்தால் பயமாகவும் இருந்தது. நேரே சாவடிக்குப் போனாள். சேந்தன் தொந்தியும் நரைத்த மீசையுமாக மண்வெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். பட்டயத்தைக் காட்டச் சொன்னாள். அவர் தயங்கித் தயங்கி மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அது ஆடற்கலைப் பட்டயம்.

இளவயதில் அந்தக் கலைக்கூடத்தில் மூன்று வேளையும் சோறு போட்டார்களாம். ஆறு வருடம் சாப்பிட்டதில் பட்டயமும் கையில் வந்துவிட்டதாம். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்று தலையைக் குனிந்துகொண்டார்.

மாசாத்தி பட்டயத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு கேட்டாள்: “ஆசானே, கரையை அடைக்கும்போது மண்ணை எதால் கெட்டிப்படுத்துவீர்கள்?”

“காலால்தான் அம்மா. நூறு பேராவது சேர்ந்து மிதிக்க வேண்டும்.”

“தாளம் தப்பாமல் மிதித்தால்?”

“இன்னும் நன்றாக இறுகும்,” என்றார் சேந்தன். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. மீசைக்குள் சிரித்தார்.

மறுநாள் காரிநாயகரின் மேசைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. புன்னைநாட்டு ஆடலாசான் சேந்தன், பெரிய ஏரிக்கரையில் ஆறு நாள் கூத்து நடத்த அனுமதி கோருகிறார். காரிநாயகர் பட்டியலைப் பார்த்தார். ஆடற்கலை நாற்பத்தேழாவது தொழில். பட்டயத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார். உண்மையானது. இந்த உடம்பை வைத்துக்கொண்டா ஆடப் போகிறார் என்று கேட்டார். சட்டத்தில் எடையைப் பற்றி ஒன்றும் இல்லையே என்றாள் மாசாத்தி. வேறு வழியில்லாமல் முத்திரை குத்தினார்.

கூத்து தொடங்கியது. முழவு அடிக்க நான்கு பேர், ஆடப் பன்னிரண்டு ஊர்களிலிருந்தும் முந்நூறு பேர். ஒரு வரிசை கூடையோடு வந்து குனிந்தது. அடுத்த வரிசை ‘தை’ என்று மிதித்தது. சேந்தன் நடுவில் நின்று இடுப்பை வளைத்து, கையை நீட்டி, அபிநயத்தாலேயே களிமண் எங்கே, வைக்கோல் எங்கே என்று காட்டினார். மாசாத்தியும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மூன்றாம் வரிசையில் ஆடினாள்.

நான்காம் நாள் காரிநாயகர் சோதனைக்கு வந்தார். கூடையில் எதற்கு மண் என்று கேட்டார். அது பாவனை என்றாள் மாசாத்தி.

“உண்மையான மண்ணாக இருக்கிறதே?”

“தேர்ந்த கலைஞர்கள், ஐயா.”

ஏழாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பித் தளும்பியது. கரை அசையவில்லை. பன்னிரண்டு ஊர்க்காரர்களும் வந்து சேந்தனைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். பாரம் தாங்காமல் இறக்கி வைத்துவிட்டு மாலை போட்டார்கள்.

காரிநாயகரால் பொறுக்க முடியவில்லை. சபையில் எழுந்து முறையிட்டார். நடந்தது கூத்தல்ல, கரை வேலை. பட்டயம் இல்லாதவர் செய்த வேலை சட்டப்படி செல்லாது. செல்லாத வேலையைப் பிரித்து முன்பிருந்தபடியே ஆக்கிவிட வேண்டும். சபை திடுக்கிட்டது. சட்டம் அப்படித்தான் சொல்கிறதா என்று அரசர் கேட்க, காரிநாயகர் அந்த வரியையே படித்துக் காட்டினார். அரசர் முகம் வாடி மாசாத்தியைப் பார்த்தார்.

மாசாத்தி எழுந்து கும்பிட்டாள்.

“அமைச்சர் சொல்வது சரி, அரசே. பிரித்துவிடலாம். ஆனால் நிறைந்த ஏரியின் கரையை ஊர் முழுகாமல் பிரிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்.”

“யார்?” என்றார் காரிநாயகர்.

“சேந்தன். அமைச்சர் அவருக்குக் கரை வேலைக்கென்று ஓர் அனுமதிச் சீட்டு கொடுத்தால் இன்றே தொடங்கிவிடுவார்.”

காரிநாயகர் முத்திரையை எடுத்தார். குத்தினால் சேந்தன் தகுதியுள்ள கரைக்காரர். அவர் அடைத்த கரையும் செல்லும். குத்தாவிட்டால் பிரிக்க ஆளில்லை. முத்திரையைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

“அவசரமில்லை, ஐயா,” என்றாள் மாசாத்தி. “நீங்கள் முடிவு செய்யும் வரை கரை அங்கேயே நிற்கும்.”

அரசர் சிம்மாசனத்தின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சேந்தனுக்கு இரண்டு ஜோடிக் காளைகளும் ஒரு பட்டும் கொடுத்தார். பிறகு இறங்கி வந்து, காரிநாயகரின் கையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த முத்திரையை மெதுவாக வாங்கி மாசாத்தியிடம் கொடுத்தார்.