கழுதையில் வந்த வக்கீல்

வக்கீல் குற்றாலிங்கம் கோர்ட்டில் பேசினால் பக்கத்து அறை வழக்குக்காரர்களும் வந்து நின்று கேட்பார்கள். அப்படிப் பேர் எடுத்தவர், ஐம்பதைத் தாண்டியபின் கறுப்புக் கோட்டைக் கழற்றிவைத்துவிட்டு, தாமிரபரணிக் கரையிலிருந்த ஒரு சிறிய இறையியல் பள்ளிக்கு எபிரெய மொழி படிக்க வந்தார்.

அங்கே எபிரெயம் கற்பித்த ஆசிரியை சுகிர்தம். குற்றாலிங்கத்தைவிட வயதில் நன்றாக இளையவர். பாடம் தவிர அதிகம் பேசமாட்டார்.

குற்றாலிங்கம் கிறிஸ்தவராகப் பிறந்தவர் இல்லை. ஒரு கோடை விடுமுறையில், கேஸ் கட்டைப் படிப்பதுபோல பைபிளைப் படித்தார். தீர்க்கதரிசிகள் முன்கூட்டிச் சொன்னவை பிற்காலத்தில் இயேசுவின் வாழ்க்கையில் நடந்ததாக எழுதியிருப்பதைக் கண்டார். பிறக்கப்போகும் ஊர், ஏறிவரப்போகும் கழுதை, படப்போகும் பாடு. இதைவிடச் சாட்சி என்ன வேண்டும் என்று ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த அவருடைய அண்ணன் சண்முகவேல், அன்றோடு தம்பியிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

அண்ணனை இழந்ததற்கு ஈடாகக் குற்றாலிங்கத்திடம் இருந்தது அந்த வாதம் ஒன்றுதான். அதை அவர் தலை நிமிர்ந்து சொல்வார். சபைகள் அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசவைத்தன.

பகுத்தறிவு மன்றத்து எழிலரசு ஒருநாள் சவால் விட்டார். ‘நிறைவேறிய தீர்க்கதரிசனம் கிறிஸ்தவத்துக்குச் சாட்சி ஆகுமா?’ என்பது தலைப்பு. நகர மண்டபத்தில் பொது விவாதம். சபைச் செயலாளர் தவசிங் ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினார். வக்கீல் பேசப்போகிறார் என்றால் வெற்றி கையில் இருப்பதுபோலத்தான்.

விவாதத்துக்கு முந்தின நாள், குற்றாலிங்கம் வகுப்பில் தன் வாதத்தைப் பேசிக்காட்டினார். மாணவர்கள் கை தட்டினார்கள். சுகிர்தம் தட்டவில்லை.

“டீச்சர், ஒண்ணும் சொல்லலியே?”

“நல்லாப் பேசுனீங்க.”

“பேச்சு கிடக்கட்டும். இது சாட்சி ஆகுமா, ஆகாதா?”

சுகிர்தம் கரும்பலகையைத் துடைத்தார். கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டார்.

“வக்கீல் சார், நாளைக்கு நீங்க கழுதை மேல ஏறி மண்டபத்துக்கு வருவீங்க.”

வகுப்பு சிரித்தது. பிறகு அடங்கியது.

“கேலி பண்றீங்களா டீச்சர்?”

“இல்ல.”

புத்தகங்களை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

நம் பக்கத்தில் ஒருவனை எதற்காகக் கழுதையில் ஏற்றுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஊரைக் கெடுத்தவனைத்தான் மொட்டையடித்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி ஏற்றுவார்கள். பெரிய மனிதரைப் பார்த்து இப்படிச் சொல்லலாமா என்று சில மாணவர்கள் கொதித்தார்கள்.

“அவர் எதுக்குக் கழுதையில வரப்போறார்? டீச்சர் சொன்னதுதான் பொய்யாகப்போவுது” என்றார் ஒருவர்.

குற்றாலிங்கம் வீட்டுக்கு நடந்தே போனார். முதலில் கோபமாக இருந்தது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் கோபம் வேறொன்றாக மாறியிருந்தது.

‘நான் கழுதையில் வந்தால், அவர் சொன்னதைக் கேட்டு வந்ததாகத்தான் ஆகும். அதை வைத்து அவரை யாரும் தீர்க்கதரிசி என்று சொல்லமாட்டார்கள்.’

அப்படியே நின்றார். ராஜா கழுதையில் எருசலேமுக்கு வருவார் என்று சகரியா தீர்க்கதரிசி சொல்லியிருந்ததை இயேசு படித்திருந்தார். கழுதையை அவிழ்த்துக் கொண்டுவரச் சீடரை அனுப்பியவரும் அவரேதான். எத்தனை முறை படித்த இடம் அது. கோர்ட்டில் எதிர்த்தரப்புச் சாட்சி கூண்டில் ஏறியதும் குற்றாலிங்கம் கேட்கும் முதல் கேள்வி, ‘இந்த வாக்குமூலத்தை முன்னாடியே படிச்சுப் பாத்தீங்களா?’ என்பதுதான். ஆமாம் என்று சொன்ன சாட்சியை அவர் சும்மா விட்டதில்லை.

அந்தக் கேள்வியை இந்த ஓரிடத்தில் மட்டும் அவர் கேட்டதே இல்லை.

மறுநாள் மத்தியானம் தவசிங் காரை அனுப்பினார். குற்றாலிங்கம் டிரைவரிடம் “நீ போப்பா, நான் வந்துருதேன்” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு ஆற்றங்கரைக்குப் போனார். அங்கே சுடலைமுத்து என்பவர் கழுதை வைத்திருந்தார். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குக் கழுதைப்பால் கறந்து கொடுப்பது அவர் தொழில்.

“பாலா வேணும், ஐயா?”

“கழுதை வேணும். ஏறிப் போகணும்.”

சுடலைமுத்து அவரை மேலும் கீழும் பார்த்தார். தும்பைப்பூப் போல வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி.

“யாரு ஏறப்போறா?”

“நான்தான்.”

“எதுவும் வேண்டுதலா?”

“அப்படித்தான் வச்சுக்கயேன்.”

“ஆண் கழுதை ஒண்ணு இருக்கு, பாரம் தாங்கும். ஆனா பாக்கிறவன் சிரிப்பானே, ஐயா.”

“தெரியும்.”

சுடலைமுத்து ஒரு சாக்கை மடித்துக் கழுதையின் முதுகில் போட்டார். குற்றாலிங்கம் உயரமான ஆள். ஏறி உட்கார்ந்தபோது அவருடைய செருப்பு கிட்டத்தட்டத் தரையைத் தொட்டது. சுடலைமுத்து கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தார்.

முதல் தெருவிலேயே ஆரம்பித்துவிட்டது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். போனில் படம் எடுத்தார்கள். கோர்ட் குமாஸ்தா ஒருவர் கும்பிடப்போய், கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். “வக்கீலய்யா, எந்த கேஸ்ல தண்டனை?” என்று யாரோ கத்தினார்கள். குற்றாலிங்கத்தின் காது சிவந்தது. இருபுறமும் பார்க்காமல் கழுதையின் இரண்டு காதுகளுக்கு நடுவே மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார்.

கடைத்தெருவில், சரியாகச் சண்முகவேலின் பாத்திரக்கடை வாசலில், கழுதை நின்றுவிட்டது. சுடலைமுத்து இழுத்தார். கெஞ்சினார். அது நகரவில்லை.

சிரிப்புச் சத்தம் கேட்டு அண்ணன் வெளியே வந்தார். தம்பியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். விறுவிறுவென்று படியிறங்கி வந்தார்.

“எறங்குல.”

எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அண்ணன் பேசிய முதல் வார்த்தை அது.

“எறங்க முடியாதுண்ணே.”

“என்னல கோலம் இது? யாரு உன்னைய ஏத்திவிட்டா? சொல்லு, கையைக் காலை முறிச்சிருதேன்.”

“யாரும் ஏத்தலண்ணே. எங்க டீச்சர் நான் இப்படி வருவேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாங்க. நான் வரலைன்னா அவங்க வார்த்தை கீழ விழுந்துரும்.”

“அதுக்காக உம் மானத்தை விடணுமா?”

“விட்டுட்டுதான் வாறேன்.”

சண்முகவேல் கடையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கழுதையின் பின்னால் போய் இரண்டு கையாலும் தள்ளினார். அது நகர்ந்தது. அவர் கடைக்குத் திரும்பிப் போகவில்லை. கழுதைக்குப் பக்கத்திலேயே நடந்தார். யாராவது சிரித்தால் அந்தப் பக்கம் திரும்பி முறைத்தார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் சிரிப்பு அவ்வளவாக எழவில்லை.

மண்டபத்து வாசலில் கூட்டம் நின்றது. தவசிங்கின் முகம் கறுத்துப்போனது. எழிலரசு படியில் நின்று சிரித்தார்.

“வக்கீலய்யா, எருசலேமுக்கு வழி இது இல்லையே!”

சுகிர்தம் உள்ளே ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியே பார்த்தார். எழுந்து நின்றார். குற்றாலிங்கம் இறங்கி, வேட்டியைத் தட்டிவிட்டு மேடை ஏறும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

முதலில் பேசவேண்டியவர் குற்றாலிங்கம். மைக்கைச் சரிசெய்துகொண்டார்.

“எழிலரசு சார், நான் கழுதையில வருவேன்னு எங்க டீச்சர் நேத்தே சொன்னாங்க. வந்துட்டேன். அவங்க தீர்க்கதரிசியா?”

“எப்படி? அவங்க சொன்னதைக் கேட்டுட்டுத்தானே வந்தீங்க.”

“சரி. சகரியா எழுதினதை இயேசு படிச்சிருப்பாரா?”

எழிலரசு சந்தேகமாகப் பார்த்தார். “படிச்சிருப்பார்.”

“படிச்சிருந்தார். கழுதைக்கு ஆள் அனுப்பினவரும் அவர்தான். அதனால அந்தச் சாட்சியை நான் வாபஸ் வாங்குறேன்.”

மண்டபம் சலசலத்தது. தவசிங் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

“பிறந்த ஊர்?” என்றார் எழிலரசு. “அதுதானே உங்க பெரிய வாதம்? பிறக்கிற ஊரை யாரும் தேர்ந்தெடுக்க முடியாதுன்னு சொல்வீங்களே?”

“சொல்வேன். இன்னமும் அது எனக்குப் பெரிய விஷயம்தான். ஆனா அந்த ஊர்ப் பேரை எழுதிவச்சவங்களும் பழைய வசனம் தெரிஞ்சவங்க. இயேசுவுக்கு வேண்டியவங்க. வெளியாள் சாட்சி ஒருத்தர்கூட என்கிட்ட இல்ல. இருக்குன்னு சொன்னா நான் இத்தனை நாள் வக்கீலா இருந்ததுக்கு அர்த்தமில்ல.”

“அப்ப தோத்துட்டேன்னு ஒத்துக்கறீங்களா?”

“நம்பாத ஒருத்தரை நம்பித்தான் ஆகணும்னு கட்டாயப்படுத்துற சாட்சி என் கையில இல்ல. அதை ஒத்துக்கறேன்.”

பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். எழிலரசு கையைக் காட்டி அவர்களை அடக்கினார்.

“அப்புறம் ஏன் இன்னும் கிறிஸ்தவரா இருக்கீங்க?”

குற்றாலிங்கம் ஜன்னல் வழியே வெளியே நின்ற கழுதையைப் பார்த்தார்.

“இன்னிக்குக் கழுதை மேல வந்தேன். வந்தா சிரிப்பாங்கன்னு தெரிஞ்சுதான் வந்தேன். எனக்குச் சிரிப்போட போச்சு. இயேசு கழுதைக்கு அப்புறம் என்ன எழுதியிருக்குன்னும் படிச்சிருந்தார். அடி இருக்கு, துப்பல் இருக்கு, சாவு இருக்கு. எல்லாம் தெரியும். ஆனா எறங்கல.”

எழிலரசு பக்கம் திரும்பி வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

“இது சாட்சி இல்ல சார். சாட்சின்னு உங்க முன்னாடி வைக்கவும் மாட்டேன். அந்த ஆளை விட்டுட்டுப் போக என்னால முடியல. அவ்வளவுதான்.”

மைக்கைக் கீழே வைத்தார்.

எழிலரசு தன் முறைக்கு எழுந்தார்.

“இவரை மடக்க நான் நிறையக் கேள்வி கொண்டுவந்தேன். எல்லாத்தையும் அவரே கேட்டு, அவரே ஒத்துக்கிட்டார். கடைசியில சொன்னதை நான் ஏத்துக்கல. ஆனா அதுக்கு என்கிட்ட கேள்வி இல்ல.”

மேடையைக் கடந்து போய் வக்கீலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதலில் கை தட்டியது பகுத்தறிவு மன்றத்து ஆட்கள்தான்.

கூட்டம் கலைந்ததும் தவசிங் நேரே சுகிர்தத்திடம் வந்தார்.

“மானம் போச்சே, அம்மா! ஜெயிக்கவேண்டிய மனுஷனைக் கழுதையில ஏத்தி, தோக்கவச்சிட்டீங்களே!”

“நான் சந்தோஷமா இருக்கேன், ஐயா” என்றார் சுகிர்தம். “எங்க பள்ளியில படிக்கிறவர், தனக்கு வேண்டிய விஷயத்துலகூட, தெரியாததைத் தெரியும்னு சொல்லமாட்டார். இதைவிடப் பெரிசா என்ன ஜெயிக்கணும்?”

தவசிங் வேகமாக வெளியே போனார்.

கடைசி வரிசையிலிருந்து சண்முகவேல் எழுந்து வந்தார். இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறினார்.

“நீ பேசினது எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா என் தம்பி பொய் பேசலன்னு மட்டும் புரிஞ்சுது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துரு. உன் மதினி உன்னையக் கேட்டுக்கிட்டே இருக்கா.”

குற்றாலிங்கம் தலையசைத்தார். அண்ணன் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தன் ஆசிரியையின் முன்னால் வந்தார்.

“டீச்சர், நான் கார்ல வந்திருந்தா?”

“நான் பொய் சொன்னவளாகியிருப்பேன்.”

“வகுப்பே கேட்டுக்கிட்டிருந்தது. அப்படியும் சொன்னீங்க.”

“ஆமா.”

“நான் வருவேன்னு எப்படித் தெரிஞ்சது?”

சுகிர்தம் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“நாளைக்கு என்ன நடக்கும்னு எனக்கு எங்க தெரியும், வக்கீல் சார்? உங்களைத் தெரியும்.”